உருவைப் பகுத்தலும் நிறத்தை எண்ணுதலும்

திருப்பூரிலிருந்து காங்கேயம் செல்லும் சாலையில் அமைந்துள்ள நல்லூர், 2011ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு இணையும் வரையில் தனி நகராட்சியாக இருந்து வந்தது. இன்று அவ்வூரில் பனியன் தைக்கும் கூடங்களுக்கு இடையே துணியில் சித்திரம் அச்சிடும் பட்டறைகளும் காணப்படுகின்றன. அதே சாலையில் மேலும் கிழக்கே சென்றால் தென்னந்தோப்புகளும், கொப்பரைக் களங்களும், எண்ணெய் ஆலைகளும், கொறங்காடு என்று நம்மவர் வழங்கும் மேய்ச்சல் நிலங்களும் தொடர்கின்றன. நெய்பவரும் விளைவிப்பவரும் ஒரே சாலையில் வாழும் வட்டாரம் இது. இவ்விரு சாராருக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. நெசவாளர் சங்கத்துக்குத் துண்டு, போர்வை, பை ஆகியவற்றில் பொறிக்க ஒரு சின்னம் வேண்டும். விவசாயிகள் சங்கத்துக்குக் கொப்பரையும் மஞ்சளும் எண்ணெயும் விற்கும் பையில் பொறிக்க ஒரு சின்னம் வேண்டும். அதைத் துணியில் ஏற்றுவதற்குச் சங்கம் கொடுக்கும் கூலியை நிர்ணயிப்பவற்றுள் முதன்மையானது, அச்சின்னத்தில் எத்தனை நிறங்கள் உள்ளன என்பதாகும்.

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் அலுவலில் இருப்பவன் என்ற முறையில், டிசைன் கூலி, ஸ்கிரீன் செலவு என்னும் தலைப்புகளின் கீழ் வரும் ரசீதுகளைப் புரட்டுவது எனக்கு வழக்கம். ஒரே சங்கம் ஒரே சின்னத்துக்கு மூன்று ஆண்டுகளில் மும்முறை வரைகூலி கொடுத்திருப்பதைக் கண்டதுண்டு. பணம் கையாடப்படவில்லை. வேலையும் மும்முறை நடந்தே இருக்கிறது. முதல் பட்டறையில் வரைந்த படம் பார்வைக்குச் சரியாக இருந்தாலும் நிறம் நிறமாகப் பிரியும்படி வரையப்படாமையால், இரண்டாம் பட்டறை அதைத் தள்ளிவிட்டுப் புதிதாக வரைந்தது. மூன்றாம் பட்டறையும் அவ்வாறே செய்தது. ஆகவே, உருவைப் பகுத்தல் என்ற இந்த வேலை யாது, அதை எவ்வாறு செய்வது, பகுத்த பின் நிறத்தை எங்கே குறைப்பது என்பவற்றை அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம். வரைபவர் வேறொருவராக இருந்தாலும், வரைந்ததைச் சோதித்து வாங்குகிறவர் நாமே அல்லவா?

முதலில் ஸ்கிரீன் அச்சின் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன சட்டத்தில் மெல்லிய பாலியெஸ்டர் வலைத்துணியை இழுத்துக் கட்டி, ஒளி பட்டால் இறுகும் பசை ஒன்றை அதன்மேல் பூசி இருட்டில் உலர்த்துவார்கள். ஒளி ஊடுருவும் தாளில் கறுப்பாக அச்சிட்ட படத்தை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டினால், கறுப்பு மறைத்த இடத்தில் மட்டும் பசை இறுகாமல் நிற்கும். நீர் பாய்ச்சிக் கழுவும்போது அவ்விடம் கரைந்து வலைக்கண் திறந்துகொள்ளும். அந்தக் கண்களின் வழியே சாயப்பசையை ரப்பர் பட்டையால் இழுத்தால் கீழேயுள்ள துணியில் படம் விழும். ஒரு ஸ்கிரீன் வழியே ஒரு நிறமே இறங்கும். ஐந்து நிறப் படத்துக்கு ஐந்து தாள்கள், ஐந்து சட்டங்கள், ஐந்து முறை மேஜையைச் சுற்றி வருதல் வேண்டும். கணிப்பொறியிலிருந்து நேராகத் துணியில் அச்சிடும் இயந்திரங்கள் இப்போது வந்துள்ளன. அவற்றுக்கு இந்த நிறக் கணக்கு இல்லை என்பது மெய்யே. பத்துப் பனியன், இருபது பனியனுக்கு அவை ஏற்றவை. ஆயிரக்கணக்கில் பை அடிக்க வேண்டிய சங்கத்துக்கு இன்றும் சிக்கனமானது ஸ்கிரீன்தான்.

இனி, கணிப்பொறியில் படம் இருக்கும் விதத்தைப் பார்ப்போம். அது இரு வகைப்படும். ஒன்று புள்ளிச் சித்திரம். கைபேசியில் எடுக்கும் புகைப்படம் இவ்வகையைச் சேர்ந்தது. ஜக்கார்டு தறிக்காக வரைதாளில் கட்டம் கட்டமாக நிறமடித்த படத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு உடனே விளங்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். அதற்கு மேல் அந்தப் படத்துக்கு எதுவும் தெரியாது. பெரிதாக்கினால் கட்டமும் பெரிதாகி, விளிம்பு படிக்கட்டாகத் தோன்றும். மற்றொன்று கோட்டுச் சித்திரம். வெக்டர் என்று பட்டறைகளில் வழங்குவது இதையே. இதில் கட்டங்கள் இல்லை. கோடு எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் எவ்வளவு வளைகிறது, எங்கே முடிகிறது என்ற கணக்கு மாத்திரம் உண்டு. கோலமிடும் பெண்மணி முதலில் புள்ளிகளை வைத்துக்கொண்டு, பிறகு கோட்டை அவற்றுக்கேற்ப வளைத்துச் செல்வதை இதற்கு ஒப்பிடலாம். புள்ளிகளின் இடைவெளியைக் கூட்டினால் கோலம் முழுவதும் வடிவு கெடாமல் பெரிதாகும். அதுபோலவே, பைக்கு என வரைந்த படத்தைப் பந்தலில் கட்டும் விளம்பரத் துணிக்குப் பெரிதாக்கினாலும் இதன் விளிம்பு மழுங்குவதில்லை.

இந்த வளைகோட்டுக் கணக்கை வகுத்தவர்கள் மோட்டார் வாகனத் தொழிலைச் சேர்ந்தவர்கள். பிரான்ஸ் நாட்டுச் சித்ரோயென் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோ 1959ஆம் ஆண்டிலும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே 1960களிலும், வாகனத்தின் உடல் வளைவுகளை எண்களால் குறிக்கும் வழியைக் கண்டனர். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்பவர், கணிப்பொறித் திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற ஏற்பாட்டைச் செய்து காட்டினார். பின்னர் 1987இல் இல்லஸ்ட்ரேட்டரும், 1989இல் கோரல்டிராவும் விற்பனைக்கு வந்தன. 2003இல் இங்க்ஸ்கேப் தோன்றியது. முன்னிரண்டுக்கும் விலை உண்டு. இங்க்ஸ்கேப்புக்கு விலையில்லை, பலர் கூடி உழைத்து உலகுக்குப் பொதுவாக விட்டிருக்கும் மென்பொருள் அது. கூட்டுறவாளர்களாகிய நமக்கு அந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கோட்டுச் சித்திரத்தில் ஒரு மூடிய உருவத்துக்கு ஒரு நிறமே நிரப்பலாம். ஓர் இலையை வரைந்தால் அது முழுவதும் பச்சை. நடு நரம்புக்கு ஒருபுறம் கரும்பச்சையும் மறுபுறம் இளம்பச்சையும் வேண்டுமானால், நரம்பின் வழியே ஒரு கோடு வரைந்தால் மட்டும் போதாது. கோடு இலையின்மேல் கிடக்குமேயன்றி, இலை இன்னும் ஒன்றாகவே இருக்கும். கணிப்பொறியின் பார்வையில் இரண்டு இலைத்துண்டுகள் உண்டாக வேண்டும்.

நிலம் பாகம் செய்வதை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. சர்வே எண் 112 என்ற ஒரு காட்டை அண்ணன் தம்பி இருவர் பிரித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் வரப்புப் போட்டுவிட்டால் பாகம் முடிந்துவிடுமா? புலப்படத்தில் உட்பிரிவுக் கோடு ஏற வேண்டும். 112/1, 112/2 என்று இரு எண்கள் வேண்டும். அதற்குப் பிறகே தனித்தனிப் பட்டா. அந்த உட்பிரிவுக் கோடு காட்டின் ஒரு எல்லையில் தொடங்கி மற்றொரு எல்லையில் முடிய வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் அது பிரிவினை ஆகாது. இரு பாகங்களின் பரப்பையும் கூட்டினால் பழைய பரப்பு வர வேண்டும். இடையில் யாருக்கும் சேராத துண்டும் இருத்தலாகாது, இருவருக்கும் சேர்ந்த துண்டும் இருத்தலாகாது. உருவைப் பகுப்பதற்கும் விதி இதுவே.

நடைமுறையில் பெரும்பாலான தொல்லைகள் இவ்விதி தவறுவதால் வருகின்றன. வெட்டும் கோடு விளிம்பை எட்டாமல் மயிரிழை முன்னே நின்றுவிடும். கண்ணுக்குத் தொட்டது போலவே தெரியும், கணிப்பொறிக்குத் தொடவில்லை. வரப்பில் உடைப்பு இருந்தால் ஒரு வயலுக்கு விட்ட தண்ணீர் அடுத்த வயலுக்கும் போவது போல, ஒரு பகுதியில் நிரப்பிய நிறம் அடுத்த பகுதியிலும் பரவும், அல்லது நிரம்பவே மறுக்கும். ஆகையால் வெட்டும் கோட்டை விளிம்போடு நிறுத்தாமல், இருபுறமும் விளிம்பைத் தாண்டிச் சிறிது நீள விடுவது நல்ல பழக்கம். மிச்சக் கோடு பகுத்தபின் தானே நீங்கும். நீங்காவிட்டால் அழிப்பது எளிது.

மற்றொரு தவறு இதைவிடப் பரவலானது. பகுப்பதற்குப் பதிலாக ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிவிடுவது. பச்சை இலையின்மேல் இளம்பச்சைத் துண்டை வைத்தால் திரையில் அழகாகவே இருக்கும். காகிதத்தில் அச்சிட்டாலும் குறை தெரியாது. ஆனால் நிறந்தோறும் தாள் எடுக்கும்போது, பட்டறைக்காரர் கரும்பச்சையைத் தனியே நிறுத்தி மற்றவற்றை நீக்குகிறார். அப்பொழுது அடியில் மறைந்திருந்த முழு இலையும் வெளிப்பட்டு, இளம்பச்சைக்கு உரிய இடத்திலும் கரும்பச்சை இறங்கிவிடுகிறது. இதினும் மோசமானது வெள்ளையால் மறைத்தல். வேண்டாத பகுதியின்மேல் வெள்ளை நிற உருவம் ஒன்றை வைத்து மூடிவிடுவார்கள். திரையின் வெள்ளைக்கும் துணியின் வெறுமைக்கும் வேறுபாடு உண்டு என்பதை அவர்கள் நினைப்பதில்லை. மஞ்சள் துணியில் அச்சிடும் நாளன்று அந்த வெள்ளை ஒரு தனி நிறமாக எண்ணப்பட்டு அதற்கும் ஒரு ஸ்கிரீன் போடப்படுகிறது. அல்லது அது நீங்கி, மறைத்திருந்த குப்பை முழுவதும் துணியில் விழுகிறது. படத்தை வாங்கும் காரியதரிசி இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. படத்தின் பின்னணியில் கடும் நீலம் ஒன்றை நிரப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். ஒளிந்திருக்கும் வெள்ளைகள் எல்லாம் உடனே தெரியும். பிறகு ஏதேனும் ஒரு துண்டைப் பிடித்து இழுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அடியில் ஓட்டை தெரிந்தால் பகுக்கப்பட்டிருக்கிறது. வேறொரு நிறம் தெரிந்தால் ஒட்டப்பட்டிருக்கிறது.

பகுக்கும் கட்டளைகள் மென்பொருளுக்கு மென்பொருள் பெயரால் மாறும், வேலையால் மாறா. இங்க்ஸ்கேப்பில் அடியில் இலையும் மேலே வெட்டும் உருவும் இருக்க, இரண்டையும் ஒருங்கே தேர்ந்து, பாத் என்ற பட்டியலில் டிவிஷன் என்பதை அழுத்தினால் இலை துண்டாகும். வெட்டிய உரு மறையும். இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டர் என்ற பலகையில் டிவைட் என்ற பொத்தான் உண்டு. அது எல்லா வெட்டுக்களையும் ஒரே அடியில் செய்துவிடும். ஆனால் துண்டுகளைக் கட்டாகக் கட்டி வைத்திருக்கும். அன்குரூப் செய்த பிறகே தனித்தனியே நிறம் மாற்ற இயலும். புதிதாகப் பயில்வோர் பலர் இங்கே திகைத்து, வேலை நடக்கவில்லை என்று எண்ணி மறுபடியும் வெட்டிவிடுகிறார்கள். கோரல்டிராவில் கத்தி என்ற பொருள்படும் நைஃப் கருவியால் குறுக்கே இழுத்து வெட்டலாம். ஸ்மார்ட் ஃபில் என்ற கருவியால், கோடுகள் சூழ்ந்த ஓரிடத்தைத் தொட்டு அந்த இடத்தை மட்டும் புதிய உருவமாகப் பிறப்பிக்கலாம். இல்லஸ்ட்ரேட்டரில் 2010 முதலும், இங்க்ஸ்கேப்பில் 2023இல் வந்த 1.3 பதிப்பு முதலும் ஷேப் பில்டர் என்னும் கருவி இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் உருவங்களைத் தேர்ந்துகொண்டு, வேண்டிய பகுதிகளை விரலால் தொடுவது போலத் தொட்டுச் சேர்க்கவும் நீக்கவும் அதில் முடியும். சிறுவர்கள் ஒரு மாலையில் கற்றுக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்கு இரண்டு மாலை ஆகும்.

எழுத்துக்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சங்கத்தின் பெயரைத் தட்டச்சு செய்து வைத்தால் அது எழுத்தாகவே இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத பட்டறையின் கணிப்பொறியில் திறந்தால், தமிழ் சிதைந்து வேறு குறிகளாகத் தோன்றுவது நாம் அறிந்ததே. ஆகவே படத்தை ஒப்படைக்கும் முன் எழுத்தைக் கோடாக மாற்றிவிட வேண்டும். கோடாக்கிய பின் மற்றொரு இடர் உண்டு. 'கூட்டுறவு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், முதலெழுத்திலும் ஈற்றெழுத்திலும் உள்ளே அடைபட்ட வெறுமை இருக்கிறது. துண்டுகளைக் கண்மூடித்தனமாகப் பிரித்தால் அந்த வெறுமையும் தனி உருவமாகி நிறம் நிரம்பிவிடும். எழுத்தின் கண் அடைந்துபோகும். வெளிக்கோட்டையும் உட்கோட்டையும் சேர்த்தே வைத்திருப்பது இதற்குப் பரிகாரம்.

பகுதிகள் பெருகினால் நிறங்களும் பெருக வேண்டுமோ என்ற ஐயம் எழலாம். இங்கே கணிதம் நமக்குத் துணையாக வருகிறது. 1852ஆம் ஆண்டில் ஃபிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் இங்கிலாந்து நாட்டின் மாவட்டப் படத்துக்கு வர்ணம் தீட்டும்போது, அடுத்தடுத்த மாவட்டங்களுக்கு ஒரே நிறம் வராதபடி தீட்ட நான்கு நிறங்களே போதுமாக இருப்பதைக் கவனித்தார். எந்தப் படத்துக்கும் அது பொருந்துமா என்ற கேள்வி நூற்றாண்டுக்கு மேல் நின்றது. 1976இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் ஆப்பெல், வுல்ஃப்கேங் ஹேக்கன் என்ற இருவர் கணிப்பொறியின் உதவியால் பொருந்தும் என்று நிறுவினர். நூறு துண்டுகளாகப் பகுத்த படமாயினும், அடுத்தடுத்த துண்டுகள் வேறுபட்டுத் தோன்ற நான்கு நிறங்களுக்கு மேல் தேவையில்லை. முனையில் மட்டும் தொடும் இரண்டு துண்டுகளை அடுத்தவையாகக் கொள்வதில்லை.

நம் வீட்டு வாசலில் இதைவிட வியப்பானது இருக்கிறது. சிக்குக் கோலத்தில் கோடு எங்கும் அறுபடாமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்கிறது. அப்படி மூடிய வளைகோடுகளால் மட்டும் பிரிந்த பரப்புக்கு இரண்டு நிறங்களே போதும். ஒரு கோட்டைக் கடக்குந்தோறும் நிறத்தை மாற்றிக்கொண்டே போகலாம். எங்கும் முரண்பாடு வராது. ஓரத்திலிருந்து ஓரம் வரை நேர்கோடுகளை எத்தனை குறுக்கே இழுத்தாலும் அவ்வாறே. ஆகவே கோலத்தையும் கட்டங்களையும் அடிப்படையாகக் கொண்ட நம் பழைய வகைகள் ஒரே சாயத்தில் முடியக்கூடியவை. இரண்டாவது நிறம் துணியின் சொந்த நிறமே. இலை பச்சையாகவும் பூ சிவப்பாகவும்தான் இருக்க வேண்டும் என்று கருதும்போதுதான் நிறங்கள் கூடுகின்றன. அதில் தவறில்லை. எங்கே அழகுக்காகக் கூட்டுகிறோம், எங்கே கவனக்குறைவால் கூட்டுகிறோம் என்பதை மட்டும் அறிந்து செய்ய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை உண்டு. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நெசவாளர் சங்கம் தைத்து விவசாயிகள் சங்கம் வாங்கத்தக்க பொருள் மஞ்சள்பையைக் காட்டிலும் பொருத்தமாக வேறில்லை. அதில் ஒரு வட்டச் சின்னம் போடுவதாகக் கொள்வோம். மேலே நீல வானமும் செம்மஞ்சள் சூரியனும். கீழே கரும்பழுப்பும் இளம்பழுப்புமாக உழவுசால்கள். இருபுறமும் கரும்பச்சை, இளம்பச்சைப் பாதிகள் கொண்ட இலைகள். நடுவே மஞ்சள் நிறத்தில் தறியின் நாடா. எல்லாவற்றையும் சுற்றிக் கறுப்புக் கோடு. எண்ணினால் எட்டு நிறங்கள். மஞ்சளைத் துணியே கொடுப்பதால் ஏழு ஸ்கிரீன்கள். பெரிய பை, சிறிய பை என்று இரண்டு அளவுகள் வேண்டுமானால், அளவு மாறும்போது ஸ்கிரீனும் மாறுவதால், பதினான்கு.

இதே சின்னத்தை முறையாகப் பகுத்துப் பார்ப்போம். வானத்தை வெறுமையாக விட்டால் துணியின் மஞ்சளே காலைநேர வானமாகும். மஞ்சள் துணியில் சாதாரண நீலம் பச்சையாகத் திரிந்துவிடும் என்பதால் அந்த நீலம் எப்படியும் சுகப்படாது. உழவுசால்களை ஒன்று விட்டு ஒன்று பழுப்பாக்கி, மற்றவற்றை வெறுமையாக விடலாம். சூரியனுக்கும் அதே பழுப்பு, சற்றே செம்மை கலந்து. இலையின் ஒரு பாதி முழுப் பச்சை. மறு பாதியில் அதே பச்சையால் நெருக்கமான சாய்கோடுகள். சற்றுத் தூரத்திலிருந்து பார்த்தால் அது இளம்பச்சையாகவே தோன்றும். நாடா வெறுமை, அதைச் சுற்றிப் பச்சை விளிம்பு. கறுப்புக் கோடுகள் இருந்த இடங்களில் பகுதிகளுக்கு இடையே சிறிது துணி தெரிய விட்டால் அதுவே கோடாகிவிடும். இப்போது ஸ்கிரீன் இரண்டு. இரண்டு அளவுகளுக்கும் சேர்த்து நான்கு. பகுதிகளின் எண்ணிக்கை குறையவில்லை, சாய்கோடுகளால் கூடியிருக்கிறது. குறைந்தது நிறம் மட்டுமே. பகுக்காமல் இதைச் செய்திருக்க முடியாது. எந்தத் துண்டு எந்த நிறம் என்று தீர்மானிக்க, துண்டு முதலில் துண்டாக இருக்க வேண்டும்.

துல்லியமாகப் பகுத்தபின் ஒரு கட்டத்தில் துல்லியத்தைச் சிறிது விட்டுக்கொடுக்கவும் வேண்டும். பின்னல் துணியாகிய பனியன் துணி இழுபடும். மேஜையில் ஒட்டி வைத்தாலும் ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையில் அது மயிரிழை நகரும். இரண்டு பகுதிகள் ஒரே எல்லையில் முட்டி நின்றால், நகர்ந்த இடத்தில் வெள்ளைக் கீற்றுத் தெரியும். ஆகையால் இளநிறப் பகுதியை மட்டும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு அடர்நிறத்தின் அடியில் நுழையும்படி விரித்துவிடுவது பட்டறை வழக்கம். கறுப்புப் பனியனில் நிறம் எடுப்பாகத் தெரிய முதலில் வெள்ளை அடிப்பூச்சு அடிக்கிறார்கள். அந்த வெள்ளையை மாத்திரம் சிறிது சுருக்குகிறார்கள், ஓரத்தில் எட்டிப் பார்க்காமல் இருக்க. வரப்பை ஒட்டி நீட்டிக்கொள்வது நிலத்தில் வழக்குக்கு இடமாகும். இங்கே அது நயம். ஆனால் இந்த விரிப்பை மூலப் படத்தில் செய்யலாகாது. மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நகலில் செய்ய வேண்டும். அடுத்த முறை வேறு துணியாக இருக்கலாம்.

கைத்தறியாளர்கள் இதுவரை படித்துவிட்டு, இது பனியன்காரர் பாடு என்று ஒதுக்கிவிட வேண்டாம். தறிக்கும் இதே பகுப்புத் தேவை. ஆனால் கணக்கு வேறு. அச்சில் மொத்தம் எத்தனை நிறம் என்று எண்ணுகிறோம். தறியில் ஒரே ஊடை வரிசையில் எத்தனை நிறம் என்று எண்ண வேண்டும். சிவப்பும் பச்சையும் அக்கம்பக்கமாக ஒரே வரிசையில் வந்தால் இரண்டு நாடாக்கள் மாறி மாறி ஓட வேண்டும், நெசவு மெதுவாகும், கூலி கட்டாது. அதே சிவப்பும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால், சிவப்பு முடிந்ததும் நாடாவை மாற்றிக்கொண்டு பச்சையைத் தொடங்கினால் போதும். பவானி ஜமக்காளம் இதற்குக் கண்கண்ட சான்று. 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்த விரிப்பில் எத்தனை நிறங்கள் பட்டைபட்டையாக வந்தாலும், ஒரு பட்டையில் நெய்யும் நேரத்தில் ஓடுவது பெரும்பாலும் ஒரு நிறமே. எனவே தறிக்கான படத்தைப் பகுப்பவர், குறுக்குவாட்டில் வெட்டினால் செலவு குறையும், நெடுக்குவாட்டில் வெட்டினால் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பகுத்து முடித்த கோட்டுச் சித்திரத்தைப் பிறகு கட்டப்படமாக மாற்றும்போது வளைவுகள் படிக்கட்டாகும். அந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் கையால் திருத்துவது இன்னும் தேர்ந்த வரைஞரின் வேலையாகவே இருக்கிறது. எந்த மென்பொருளும் அதை நெசவாளரின் மனத்துக்குப் பிடிக்கும்படி செய்து நான் பார்த்ததில்லை.

நிறத்தை எண்ணுவதில் விவசாயிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. நொய்யலின் சாயநீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசன நிலங்களைக் கெடுத்த வரலாறு இவ்வட்டாரத்தில் யாருக்கும் மறந்திராது. ஆயக்கட்டு விவசாயிகள் தொடர்ந்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அச்சுப் பட்டறையின் கழுவுநீர் சாயப்பட்டறையின் அளவுக்கு வாராது. எனினும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டமும் ஒரு ரப்பர் பட்டையும் கழுவப்படுகின்றன. வேலை முடிந்தபின் பசையைக் கரைத்து வலையைத் துலக்குவதற்கும் நீர் செல்கிறது. ஏழு சட்டம் கழுவும் இடத்தில் இரண்டு சட்டம் கழுவினால் அந்த அளவுக்கு மிச்சம்.

கடைசியாக, இவ்வாறு உழைத்துப் பகுத்த படம் யாருடையது என்ற கேள்வி. சட்டம் இதில் கண்டிப்பானது. துணியில் அமையும் புதிய சித்திர வகையை 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தால் பத்து ஆண்டுகளுக்கும், கேட்டுக்கொண்டால் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கும் உரிமை கிடைக்கும். ஆனால் பொதுமக்கள் பார்வைக்கு வருமுன்னரே விண்ணப்பிக்க வேண்டும். கண்காட்சியில் விரித்துக் காட்டிவிட்டுப் பிறகு பதிவுக்குப் போவது பயன் தராது. பதியாமல் விட்டுவிட்டாலும் பதிப்புரிமை இருக்குமே என்று சிலர் எண்ணுகிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, பதிவு செய்யத்தக்க வடிவமைப்பைப் பதியாமல், உரிமையாளரே அல்லது அவர் அனுமதி பெற்றவர் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அந்த உரிமை அற்றுப்போகும். ஐம்பது என்பது ஒரு தறியில் சில நாள் வேலை. சங்கத்தின் பெயரும் வணிகக் குறியும் இதில் சேரா. அவற்றுக்கு 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம் தனியே உண்டு.

சட்டத்துக்கு முன்பாகச் செய்ய வேண்டியது, படத்தின் மூலக் கோப்பைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வது. கூலி கொடுத்ததும் பட்டறையினர் அச்சடித்த பைகளைத் தருகிறார்கள். சில இடங்களில் கறுப்புத் தாள்களையும் தருகிறார்கள். கோப்பைச் சங்கம் கேட்பதே இல்லை. வேலை உத்தரவிலேயே அதை ஒரு நிபந்தனையாக எழுதிவிடலாம். பட்டறையின் மென்பொருளில் சேமித்த கோப்போடு, எஸ்விஜி வடிவில் ஒரு பிரதியும் வேண்டும் என்று கேட்க வேண்டும். 2001 முதல் உலகுக்குப் பொதுவான தரமாக இருந்துவரும் அந்த வடிவத்தை இங்க்ஸ்கேப் உட்படப் பல மென்பொருள்களும் திறக்கும். ஒவ்வொரு நிறத்தின் துண்டுகளும் ஒவ்வோர் அடுக்கில் இருக்க வேண்டும்; அடுக்குக்குப் பச்சை, பழுப்பு என்று பெயரிட்டிருக்க வேண்டும். பிரதிகள் இரண்டு இடங்களில் இருத்தல் வேண்டும். தறி, மேஜை, தையல் இயந்திரம் ஆகியவற்றை எழுதும் அதே இருப்புப் பதிவேட்டில், தேதியும் கொடுத்த கூலியும் நிற எண்ணிக்கையும் குறித்து இதையும் ஒரு வரியாக எழுதலாம். பதிவேட்டில் அந்த வரி இருக்கும் சங்கங்களில் அடுத்த ஆண்டு வரைகூலி ரசீது வந்தால், எதற்காக என்று பஞ்சாயத்தாரே கேட்டுவிடுகிறார்கள். நான் கேட்க வேண்டியிருப்பதில்லை.